வடிகட்டியில் படிந்த துரு எங்கிருந்து வந்தது? பழைய அணு உலைகளும் தள்ளிப்போடும் பராமரிப்பும்

2002 மார்ச் முதல் வாரத்தில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. எரிபொருள் மாற்றுவதற்காக உலையை நிறுத்தியிருந்தார்கள். உலைக் கலனின் மூடியைத் துளைத்துச் செல்லும் 69 குழாய்களில் சிலவற்றில் விரிசல் தெரிந்ததால், அவற்றின் அடிப்பகுதியைக் கடைந்தெடுத்துவிட்டுப் புதிதாக வெல்டிங் செய்வது திட்டம். மூன்றாம் எண் குழாயைக் கடைந்த இயந்திரத்தை வெளியே எடுக்கும்போது அந்தக் குழாய் ஆடியது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, பக்கத்துக் குழாயின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது.

ஆடவே கூடாத குழாய் அது. 16 செ.மீ.க்கும் அதிகத் தடிமனுள்ள எஃகு அதை எல்லாப் பக்கமும் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். மூடியின் மேல் கெட்டிப்பட்டுக் கிடந்த படிவைக் கழுவி எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. குழாய்க்குப் பக்கத்தில் எஃகே இல்லை. பத்துப் பன்னிரண்டு செ.மீ. அகலத்துக்கு, மூடியின் முழுத் தடிமனையும் அரித்துத் தின்ற பள்ளம் ஒன்று இருந்தது. பள்ளத்தின் அடியில் மிச்சமிருந்தது, மூடியின் உட்பக்கத்தில் துருத் தடுப்புக்காகப் பற்றவைத்திருந்த ஒரு செ.மீ.க்கும் குறைந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் படலம் மட்டுமே. உலை ஓடும்போது அந்தப் படலத்துக்குக் கீழே 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நீர், வளிமண்டலத்தைப் போல சுமார் 150 மடங்கு அழுத்தத்தில் இருக்கும். அந்த அழுத்தத்தைத் தாங்குவது மூடியின் எஃகு செய்ய வேண்டிய வேலை. படலத்தை அதற்காக வைக்கவில்லை. ஆனாலும் அதுதான் தாங்கிக்கொண்டிருந்தது. மேல்பக்கமாகப் புடைத்திருந்தது. பிறகு வெட்டி எடுத்துச் சோதித்தபோது அதிலும் விரிசல்கள் இருந்தன.

இந்தப் பள்ளம் ஒரு நாளில் விழுந்ததில்லை. ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது. அது வளர்ந்த காலம் முழுக்க அதன் அடையாளங்கள் நிலையத்தின் சொந்தப் பதிவேடுகளில் ஏறிக்கொண்டே இருந்தன. பழைய அணு உலைகளைப் பற்றிப் பேசும்போது, வயதாகிவிட்டது, உலோகம் தேய்ந்துவிட்டது என்று இயற்கையின் மேல் பழியைப் போடுவது வழக்கம். உலோகம் தேயத்தான் செய்யும். தேய்கிறது என்று அது எழுத்து மூலமாகத் தெரிவித்த பிறகும் ஓட்டியது மனிதர்கள். என்னைக் கவலைப்பட வைப்பது அந்தப் பாதிதான்.

முதலில், இரும்பை இவ்வளவு வேகமாகத் தின்றது எது என்று பார்க்கலாம். டேவிஸ்-பெஸ்ஸி ஓர் அழுத்த நீர் உலை, அதாவது நீர் கொதிக்காதபடி உயர் அழுத்தத்தில் வைத்து ஓட்டும் உலை. இவ்வகை உலைகளில் குளிர்விக்கும் நீரில் போரிக் அமிலம் கலந்திருக்கும். அணுப்பிளவைத் தொடரவைக்கும் நியூட்ரான்களைப் போரான் விழுங்கும் என்பதால், அதன் அளவைக் கூட்டிக் குறைத்து உலையைக் கட்டுக்குள் வைப்பார்கள். கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரும் இதேதான். ரொம்ப வீரியமான அமிலம் கிடையாது. உலைக்கு வெளியே கசிந்தால்தான் வம்பு. நீர் ஆவியாகிவிட, அமிலம் வெள்ளை உப்பாகப் படியும். முழுக்கக் காய்ந்துவிட்டால் பெரிய சேதம் இல்லை. கசிவு நிற்காமல் ஈரம் வந்துகொண்டே இருந்தால், சூடான எஃகின் மேல் அது செறிந்த அமிலக் குழம்பாக மாறும். அந்த நிலையில் சாதாரண எஃகை ஆண்டுக்குச் சில செ.மீ. ஆழம் வரை தின்றுவிடும். மூடியின் உட்பக்கத்துக்குக் காப்புப் படலம் உண்டு. வெளிப்பக்கத்துக்குக் கிடையாது. அங்கே அமிலம் வராது என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு.

சரி, அது எப்படி வெளியே வந்தது? மூடியைத் துளைத்துச் செல்லும் குழாய்கள் 'அலாய் 600' என்ற நிக்கல் கலப்பு உலோகத்தால் ஆனவை. அணுப்பிளவை அடக்கவும் நிறுத்தவும் உதவும் கட்டுப்பாட்டுக் கோல்களை இயக்கும் அமைப்பு அவற்றின் வழியாகத்தான் உலைக்குள் இறங்குகிறது. துருவுக்கு அசையாத உலோகம் என்று நம்பித்தான் அந்தக் காலத்தில் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் வெல்டிங்கின்போது உள்ளே தங்கிவிட்ட இழுவிசை, உலையின் வெப்பம், சுற்றியிருக்கும் நீர் ஆகிய மூன்றும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வேலை செய்தால் இதில் மயிரிழை விரிசல் விடுகிறது. தகைவு அரிப்பு விரிசல் என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். 1991இல் பிரான்சில் ஒரு நிலையத்தின் மூடிக் குழாயில் இப்படிக் கசிவு கண்டுபிடிக்கப்பட்டது. பிரான்ஸ் தன் உலைகளின் மூடிகளையே மாற்றத் தொடங்கியது. அமெரிக்க நிறுவனங்கள் அவ்வப்போது கண்ணால் பார்த்துக்கொண்டால் போதும் என்று இருந்தன. போரிக் அமிலம் எஃகைத் தின்னும் என்பதும் புதுச் செய்தி இல்லை. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் 1988லேயே இதைப் பற்றி நிலையங்களுக்குக் கடிதம் அனுப்பி, கசிவைத் தேடிப் பிடிக்க முறையான ஏற்பாடு வேண்டும் என்று கேட்டிருந்தது. விரிசல் விடும் என்பதும் தெரியும், கசிந்தால் எஃகை அரிக்கும் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வேலைதான் நடக்கவில்லை.

டேவிஸ்-பெஸ்ஸியின் மூடியை மேலிருந்து நேரே பார்க்க முடியாது. அதன் மேல் வெப்பக் காப்பு உறையும், கோல் இயக்கிகளைத் தாங்கும் எஃகுக் கூடும் இருக்கும். அந்தக் கூட்டின் அடிவிளிம்பில் கை நுழையும் அளவுக்குச் சில திறப்புகள் உண்டு. அவற்றின் வழியே கம்பில் கட்டிய கேமராவை விட்டுத்தான் பார்க்க வேண்டும். மூடி கவிகை வடிவம் என்பதால் உச்சிக்குப் போகப் போக இடைவெளி குறுகிக்கொண்டே போகும். உச்சியில் ஐந்து செ.மீ. அளவுதான் இருக்கும். மூன்றாம் எண் குழாய் அந்த உச்சிக்குப் பக்கத்தில் இருந்தது. கூட்டில் பெரிய திறப்புகள் வெட்டினால் முழுதாகப் பார்க்கலாம், சுத்தமும் செய்யலாம். அதே வடிவமைப்பு கொண்ட மற்ற நிலையங்கள் பலவும் வெட்டிக்கொண்டன. டேவிஸ்-பெஸ்ஸியில் 1990இல் எழுந்த இந்த யோசனை, நிறுத்தத்துக்கு நிறுத்தம் தள்ளிப்போய், பள்ளம் கண்டுபிடிக்கப்படும் வரை நடக்கவே இல்லை.

1996இல் மூடியின் மேல் போரிக் அமிலப் படிவு தெரிந்தது. முழுதாக எடுக்கவில்லை. 1998இலும் அப்படியே. மேலே உள்ள இணைப்புகளில் பழைய கசிவுகள் இருந்ததால், அங்கிருந்து சொட்டியதுதான் என்று காரணம் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. 2000ஆம் ஆண்டு நிறுத்தத்தின்போது, திறப்புகளின் வழியே செம்பழுப்பு நிறத்தில் படிவு வழிந்து இறங்கியிருந்ததைப் படமெடுத்து அறிக்கையிலும் சேர்த்தார்கள். போரிக் அமிலத்துக்கு வெள்ளை நிறம். அது சிவந்தால் உள்ளே இரும்பு கரைகிறது என்று பொருள். சில இடங்களில் பாறைபோல் இறுகிவிட்ட படிவைக் கடப்பாரையால் தட்டிப் பெயர்த்தார்கள், வெந்நீர் பாய்ச்சிக் கழுவினார்கள். அதற்குள் நேரம் முடிந்தது. எடுக்க முடியாத பகுதியை விட்டுவிட்டு உலையை மூடி ஓட்டத் தொடங்கினார்கள்.

எனக்கு இதைவிடக் கனமாகப் படுவது வடிகட்டிகளின் கதை. உலை இருக்கும் கட்டடத்துக்குள் காற்றில் கதிர்வீச்சு இருக்கிறதா என்று உறிஞ்சிப் பார்க்கும் கருவிகள் உண்டு. அவற்றின் வடிகட்டியை வழக்கமாக மாதத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். 1999 முதல் அவை சீக்கிரமே அடைத்துக்கொள்ளத் தொடங்கின. படிந்த பொடியை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இரும்பு ஆக்சைடு என்று பதில் வந்தது, அதாவது துரு. கட்டடத்துக்குள் ஏதோ ஓர் எஃகுப் பாகம் அரிபடுகிறது, அந்தத் துரு காற்றில் பறக்கிறது. எந்தப் பாகம் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குப் பதிலாக, காற்றைச் சுத்தம் செய்யும் கூடுதல் வடிகட்டி இயந்திரங்களை உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். 2001 கடைசியில் இரண்டு நாளைக்கு ஒரு முறை வடிகட்டி மாற்ற வேண்டியிருந்தது. மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கட்டடத்தின் காற்றுக் குளிர்விப்பான்களிலும் வெள்ளைப் படிவு ஏறிக்கொண்டே வந்தது. அதையும் திரும்பத் திரும்பக் கழுவினார்கள்.

இதில் யாரும் வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வடிகட்டி மாற்றியவர் தன் வேலையைச் செய்தார், குளிர்விப்பானைக் கழுவியவர் தன் வேலையைச் செய்தார். நீர் இழப்பை அளந்தவர்களும் அளந்தார்கள். அது நிமிடத்துக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் என்ற அனுமதி வரம்புக்குள்தான் இருந்தது. பராமரிப்பு அலட்சியம் என்றவுடன் பூட்டிக் கிடக்கும் அறையும் ஒட்டடையும்தான் மனதில் வருகிறது. இங்கே அலட்சியம் பரபரப்பாக வேலை செய்துகொண்டிருந்தது. எங்கிருந்து வருகிறது என்ற ஒரு கேள்வியைக் கேட்டால் உலையை நிறுத்த வேண்டிவரும். நிறுத்தினால் ஒவ்வொரு நாளும் நஷ்டம். ஆகவே அந்தக் கேள்வி துப்புரவு வேலையாக உருமாறிவிட்டது.

2001 தொடக்கத்தில், தென் கரோலினாவில் உள்ள ஒகோனி நிலையத்தில் மூடிக் குழாய்களைச் சுற்றி வளையமாக ஓடும் விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. நெடுக்காக ஓடும் விரிசல் கசியும். வளையமாக ஓடினால் குழாயே பிய்த்துக்கொண்டு போகலாம். அதனால் ஒழுங்குமுறை ஆணையம் அந்த ஆகஸ்டில் எல்லா அழுத்த நீர் உலைகளுக்கும் அறிக்கை அனுப்பியது. ஆபத்து அதிகமுள்ள உலைகள் டிசம்பர் 31க்குள் சோதிக்கப்பட வேண்டும். டேவிஸ்-பெஸ்ஸி அந்தப் பட்டியலில் இருந்தது. நிலையத்தை நடத்திய நிறுவனமோ 2002 மார்ச் கடைசியில் எப்படியும் எரிபொருள் மாற்ற நிறுத்துவோம், அதுவரை ஓட்ட விடுங்கள் என்று கேட்டது. ஆணைய அலுவலர்கள் உலையை நிறுத்தச் சொல்லும் உத்தரவை எழுதியே வைத்திருந்தார்கள். அது வெளியாகவில்லை. பேச்சுவார்த்தையில் பிப்ரவரி 16 என்று முடிவானது. நிறுவனத்துக்கு ஏற்படும் பண இழப்பைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த முடிவைப் பெருமளவு தீர்மானித்தது என்று ஆணையத்தின் தலைமை ஆய்வாளர் அலுவலகமே அந்த ஆண்டு டிசம்பரில் எழுதியது. கண்காணிக்க வேண்டியவரும் கண்காணிக்கப்பட வேண்டியவரும் ஒரே நாட்காட்டியை வைத்துப் பேரம் பேசினார்கள் என்பதுதான் இதற்கு அர்த்தம்.

உலோகப் படலம் இன்னும் எவ்வளவு காலம் தாங்கியிருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். 2 முதல் 13 மாதம் என்று 2004இல் வெளியான கணிப்பு சொன்னது. டேவிஸ்-பெஸ்ஸி இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் எரிபொருள் மாற்ற நிறுத்தப்படும். ஒகோனியில் விரிசல் தெரியாமல் போயிருந்தால், அல்லது 2002 நிறுத்தத்திலும் மூடியைப் பாதி கழுவிவிட்டுக் கிளம்பியிருந்தால், படலம் கிழிவதற்கான காலம் உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்திருக்கும். அப்படிக் கிழிந்தால் அவசரகாலக் குளிர்விப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். உலை நின்றிருந்த காலத்தில் அதையும் சோதித்தார்கள். கொட்டும் நீரைத் திரும்ப இறைக்கும் தொட்டியின் சல்லடை குப்பையால் அடைபட வாய்ப்பு இருந்தது. உயர் அழுத்தப் பம்புகளும் அந்த நீரில் வரும் தூசியால் கெட்டுப்போகக்கூடியவையாக இருந்தன. முதல் அரணைத் துரு தின்றது. இரண்டாவது அரண் வேலை செய்யுமா என்பதே சந்தேகம்.

உலை 2004 மார்ச்சில்தான் மறுபடி ஓடியது. பழுது, வெளியே வாங்கிய மின்சாரம் எல்லாம் சேர்த்து நிறுவனத்துக்கு ஏறக்குறைய 60 கோடி டாலர் செலவு. ஆணையம் 54.5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. சோதனைகளைப் பற்றி ஆணையத்துக்குத் தவறான தகவல் தரப்பட்டதை ஒப்புக்கொண்டு, வழக்கைத் தவிர்க்க 2006இல் நிறுவனம் 2.8 கோடி டாலர் கட்டியது. அப்புறமும் கதை முடியவில்லை. மிச்சிகனில் கட்டி முடிக்காமல் கைவிடப்பட்ட மிட்லாண்ட் நிலையத்தின் மூடியை வாங்கி மாட்டியிருந்தார்கள். அதன் குழாய்களும் அதே அலாய் 600தான். 2010இல் அவற்றிலும் விரிசல் விட்டது. 2011இல் மறுபடி புதிய மூடி.

ஒஹாயோவில் யாரும் சாகவில்லை. ஜப்பானில் செத்தார்கள். 2004 ஆகஸ்ட் 9 அன்று, ஃபுக்குய் மாவட்டத்தில் கன்சாய் மின் நிறுவனத்தின் மிஹாமா மூன்றாம் உலையில் ஒரு குழாய் வெடித்துத் திறந்தது. அது டர்பைனைச் சேர்ந்த இரண்டாம் சுற்றுக் குழாய் என்பதால் கதிர்வீச்சு இல்லை. ஆனால் உள்ளே இருந்தது சுமார் 140 டிகிரி வெந்நீர். வெளியே வந்ததும் நீராவியாகிக் கட்டடத்தை நிறைத்தது. ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், ஆறு பேர் காயமடைந்தார்கள். 56 செ.மீ. விட்டமுள்ள அந்தக் குழாய் பொருத்தப்பட்டபோது 10 மி.மீ. தடிமன். வெடித்த இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை. நீரோட்டத்தை அளக்க வைத்த துளைத்தகட்டைத் தாண்டியதும் நீர் சுழித்து ஓடும். அந்தச் சுழிப்பு, இரும்பின் மேல் இயல்பாகப் படியும் காப்பு ஆக்சைடு படலத்தைக் கரைத்துக்கொண்டே போகும்.

இதுவும் தெரிந்த நோய்தான். 1986 டிசம்பரில் அமெரிக்காவின் சர்ரி நிலையத்தில் இதே காரணத்தால் குழாய் வெடித்து நான்கு பேர் இறந்திருந்தார்கள். மிஹாமாவில் அந்த இடம் அளக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் இருந்து விடுபட்டுப் போயிருந்தது. 1976இல் உலை தொடங்கிய நாளிலிருந்து 28 ஆண்டுகள் அதன் தடிமனை யாரும் அளக்கவில்லை. விடுபட்டது 2003இல் கண்ணில் பட்டது. அடுத்த வழக்கமான நிறுத்தத்தில் அளந்துகொள்ளலாம் என்று முடிவானது. அந்த நிறுத்தம் ஆகஸ்ட் 14இல் தொடங்க இருந்தது. அதற்கு ஐந்து நாள் முன்னால், உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே, நிறுத்தத்துக்குக் கருவிகளைத் தயார் செய்ய வந்தவர்கள்தான் அன்று அந்தக் கட்டடத்தில் இருந்தார்கள். ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். பராமரிப்பைத் தள்ளிப்போடும் முடிவை எடுப்பவர் ஓரிடத்தில் இருக்கிறார், அதன் விலையைக் கொடுப்பவர் குழாய்க்குப் பக்கத்தில் நிற்கிறார். எந்த நாட்டிலும் இது இப்படித்தான் இருக்கிறது, இது மாற வேண்டும்.

வயது மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம் என்பதற்குப் பிரான்ஸ் நல்ல சாட்சி. 2021 இறுதியில் சிவோ நிலையத்தின் முதல் உலையில், அவசரகால நீர் செலுத்தும் குழாய்களின் வெல்டிங் ஓரத்தில் தகைவு அரிப்பு விரிசல்கள் தெரிந்தன. சிவோ அந்நாட்டின் மிகப் புதிய உலைகளில் ஒன்று. தேடத் தேட, பழைய 900 மெகாவாட் உலைகளைவிடப் புதிய பெரிய உலைகளில்தான் இது அதிகம் என்று தெரிந்தது. குழாய் வளைந்து போகும் விதமும், உள்ளே சூடான நீரும் ஆறிய நீரும் அடுக்கடுக்காக நிற்பதும் முக்கியக் காரணங்கள். மின் நிறுவனமான இடிஎஃப் உலைகளை வரிசையாக நிறுத்திச் சோதித்து, கெட்ட குழாய்களை வெட்டி மாற்றியது. 2022இல் ஒரு கட்டத்தில் 56 உலைகளில் பாதிக்கு மேல் நின்றுபோயிருந்தன. அந்த ஆண்டு உற்பத்தி 279 டெராவாட் மணியாகச் சரிந்தது. முப்பது ஆண்டுகளில் அவ்வளவு குறைந்ததில்லை. உக்ரைன் போரால் ஐரோப்பா முழுக்க எரிவாயு விலை ஏறிக்கிடந்த ஆண்டு அது. நிறுத்துவதற்கு அதைவிட மோசமான நேரம் இருக்க முடியாது. ஆனாலும் நிறுத்தினார்கள். அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

இந்தியாவில் நமக்குத் தெரிந்த உதாரணம் குஜராத்தின் காக்ராபார். 2016 மார்ச் 11 அன்று முதல் உலையின் குளிர்விப்புக் குழாய் ஒன்றில் விரிசல் விட்டுக் கனநீர் (சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் கன ஹைட்ரஜன் உள்ள நீர்) கசிந்தது. கனநீர் உலைகளில் எரிபொருள் இருக்கும் அழுத்தக் குழாய் ஒவ்வொன்றும் இன்னொரு குழாய்க்குள் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் கார்பன் டை ஆக்சைடு ஓடும். அழுத்தக் குழாயின் உட்பக்கத்தில் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் வழக்கம். காக்ராபாரில் அரிப்புப் புள்ளிகள் வெளிப்பக்கத்தில், உலர்ந்த வாயு மட்டுமே படும் பக்கத்தில் இருந்தன. வாயுவில் கலந்திருந்த அசுத்தத்தைக் காரணமாகச் சொன்னார்கள். டேவிஸ்-பெஸ்ஸியிலும் சேதம் இப்படி 'அங்கே வராது' என்று கணக்குப் போட்ட பக்கத்தில்தான் வந்தது. காக்ராபாரின் குழாய்கள் முழுக்க மாற்றப்பட்டு அந்த உலை 2019இல் மறுபடி ஓடியது.

கல்பாக்கத்தின் இரண்டு மின் உலைகளும் இதே கனநீர்க் குடும்பம்தான். 1984லும் 1986லும் வணிக உற்பத்திக்கு வந்தவை. 2000களின் முற்பகுதியில் அவற்றின் அழுத்தக் குழாய்கள் மாற்றப்பட்டன. கூடங்குளம் அழுத்த நீர் உலை. அங்கேயும் குளிர்விக்கும் நீரில் போரிக் அமிலம் உண்டு. வடிவமைப்பும் உலோகமும் வேறு என்பதால் ஒஹாயோவில் நடந்தது அப்படியே இங்கே நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் டேவிஸ்-பெஸ்ஸியின் வடிகட்டிப் பதிவு, செம்பழுப்புப் படம், வெளியாகாத உத்தரவு எல்லாம் இன்று நமக்குத் தெரிகிறது என்றால், அமெரிக்க ஆணையம் தன் விசாரணைகளைத் தனக்கே எதிரானதையும் சேர்த்துப் பொதுவில் வைத்ததுதான் காரணம். இங்கே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போதிய தன்னாட்சி இல்லை என்று நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையரே 2012இல் சுட்டிக்காட்டினார்.

கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் எந்தக் குழாயின் தடிமன் எந்த ஆண்டு அளக்கப்பட்டது, எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எந்த வேலை எத்தனை முறை தள்ளிப்போனது, யார் கையெழுத்தில் தள்ளிப்போனது என்ற விவரங்கள், ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும், சுற்றியிருக்கும் ஊர்க்காரர்கள் படிக்கும்படி தமிழில் வெளிவர வேண்டும். அதில் பாதுகாப்பு ரகசியம் என்று மறைக்க ஒன்றுமில்லை. மில்லிமீட்டர் கணக்கும் தேதியும்தான்.